சளி மாதிரியும் மூச்சுப் பயிற்சியும்: வார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் செவிலியர் மாணவியர் புதிதாக மருத்துவ வார்டுக்கு வரும்போது, நாங்கள் பயிற்சிக் காலத்தில் செய்த அதே பிழைகள் அவர்கள் கையிலும் நிகழ்வதைப் பார்க்கிறேன். கை கழுவுவது, கையுறை அணிவது, நோயாளியின் பெயரைச் சரிபார்ப்பது போன்றவற்றை வகுப்பிலேயே போதுமான அளவு சொல்லிவிடுகிறார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எச்சிலைச் சளி என்று அனுப்புவது

நோயாளியிடம் டப்பாவை நீட்டி, "காலையில சளி துப்பி வைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுவதுதான் நான் கண்டவற்றில் மிகுந்த விலை கொடுக்க வைக்கும் தவறு. அப்படிச் சொன்னால் பலர் எச்சிலைத் துப்புவார்கள், சிலர் மூக்கைச் சிந்தி வைப்பார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. என்ன வேண்டும், எதற்காக வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

நிமோனியாவுக்காகக் கல்ச்சர் (மாதிரியில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் பரிசோதனை) அனுப்பினால், நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் முதலில் மாதிரியின் தரத்தைப் பார்ப்பார்கள். குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் புலத்துக்கு 10-க்கு மேல் வாய்த்தோல் செல்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் எச்சில் என்று ஒதுக்கப்படும். 25-க்கு மேல் சீழ் செல்கள் இருந்தால் நல்ல மாதிரி. ஒதுக்கப்பட்டால் வார்டுக்குத் தகவலாவது வரும். காசநோய்ப் பரிசோதனையில் எச்சில் போன்ற மாதிரியையும் பெரும்பாலும் பரிசோதித்துவிடுவார்கள்; அதனால் 'நெகட்டிவ்' என்ற தாள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வந்து சேரும். நுண்ணோக்கியில் கிருமி தென்பட ஒரு மில்லி சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருக்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் போன்ற மூலக்கூறுப் பரிசோதனை இதைவிடப் பல மடங்கு நுட்பமானது என்றாலும், நுரையீரலிலிருந்து எதுவுமே வராத எச்சிலில் அதற்கும் வேலையில்லை.

நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் நாள்பட்ட இருமலோடும் மாலைக் காய்ச்சலோடும் சேர்ந்திருந்தார். அவருடைய டப்பாவில் இருந்தது நுரைத்த, தண்ணீர் போன்ற எச்சில். மாதிரி போயிற்று, நெகட்டிவ் என்று வந்தது, இருமல் மருந்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சில மாதங்களுக்குப் பிறகு சளியில் ரத்தத்தோடு திரும்பி வந்தபோது காசநோய் உறுதியானது. அவரோடு ஒரே அறையில் படுத்துறங்கிய வயதான தாயும் அதற்குள் இருமத் தொடங்கியிருந்தார். மூடிய டப்பாவை வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்திருந்தாலே அது சளியல்ல என்று தெரிந்திருக்கும். இரவுப் பணியில் இருந்தவரும், காலையில் பொறுப்பேற்றவரும், படிவம் நிரப்பியவரும் அதைப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

செய்ய வேண்டியதற்கு ஐந்து நிமிடம் போதும். முந்தைய நாள் மாலையே டப்பாவைக் கொடுத்து, மருத்துவர் தடுக்கவில்லையென்றால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும், உணவுக்கு முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கட்டும். கிருமிநாசினி கலந்த திரவம் வேண்டாம். நிமிர்ந்து உட்காரவைத்து, ஆழமாக மூச்சை இழுத்துச் சில நொடிகள் நிறுத்தி மெதுவாக விடச் சொல்லுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்தபின் அடிவயிற்றிலிருந்து இருமச் சொல்லுங்கள். "தொண்டையைக் காறாதீங்க ஐயா, நெஞ்சுலேர்ந்து வரணும்" என்று நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். கெட்டியான, குழகுழப்பான சளி 2 முதல் 5 மில்லி வேண்டும். வரவில்லையென்றால் எச்சிலை வாங்கி அளவை நிரப்பாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். 3 சதவீத உப்புக்கரைசலை நெபுலைசரில் கொடுத்துச் சளியை வரவழைக்க வழியுண்டு. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக்குழலை இறுக்கக்கூடும் என்பதால் மருத்துவரின் உத்தரவும் அருகிலிருந்து கண்காணிப்பும் கட்டாயம்.

கழிப்பறையில் இருமவைப்பது

சிறிய மூடிய அறையில் கிருமி தங்கும். திறந்தவெளியில், பிறர் இல்லாத இடத்தில் எடுங்கள். நீங்கள் என்95 முகக்கவசம் அணிந்து, நோயாளிக்கு எதிரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

மூடியில் பெயர் எழுதுவது

மூடி கழன்றால் பெயரும் போயிற்று. டப்பாவின் பக்கவாட்டில் எழுதுங்கள்.

ஆன்டிபயாடிக்குக்குப் பின் கல்ச்சர்

முதலில் மாதிரி, பிறகு முதல் டோஸ். ஆனால் சளி வரவில்லை என்பதற்காக மூச்சுத் திணறுபவருக்கு மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

மாதிரியை மேசையிலேயே விட்டுவிடுவது

கல்ச்சருக்கான சளி அறை வெப்பத்தில் கிடந்தால் வாயிலிருந்து கலந்த கிருமிகள் பெருகி உண்மையான கிருமியை மறைத்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்ப முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வையுங்கள்.

ஸ்பைரோமீட்டரை ஊதவிடுவது

இன்சென்டிவ் ஸ்பைரோமீட்டர் என்ற, மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியைப் பார்த்ததும் ஊதத்தான் நோயாளிக்குத் தோன்றும். அது உறிஞ்சுவதற்கானது. வயிற்றின் மேற்பகுதியில் அறுவை நடந்தவர் வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விடுவதால் நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றறைகள் சுருங்கிப்போகின்றன. அவற்றைத் திறக்க நீண்ட, நிதானமான உள்மூச்சு வேண்டும். பந்துகளில் எழுதியிருக்கும் 600, 900, 1200 என்பவை நொடிக்கு எத்தனை மில்லி காற்று என்பதைக் குறிக்கின்றன. மூன்றையும் ஒரு நொடி எகிற வைப்பதைவிட முதல் பந்தைச் சில நொடிகள் மேலேயே நிறுத்துவது பயன் தரும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை, இடையிடையே ஓய்வோடு. தலை சுற்றினாலோ உதடு மரத்தாலோ வேகமாகச் செய்கிறார் என்று பொருள். வலி மருந்து வேலை செய்யும் நேரத்தில், தையல் மீது தலையணையை அணைத்துப் பிடிக்கவைத்துச் செய்யச் சொல்லுங்கள். கற்பிக்க வேண்டிய நேரம் அறுவைக்கு முந்தைய நாள். மயக்கம் தெளிந்து வலியில் கிடப்பவருக்குப் புதிதாக எதுவும் மனதில் ஏறாது.

உதட்டைக் குவித்துப் பலமாக ஊதுவது

நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவருக்கு வெளிமூச்சுதான் சிரமம். பலமாக ஊதினால் மூச்சுக்குழல்கள் மேலும் ஒடுங்கும். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, குவித்த உதடு வழியே, சூடான காப்பியை ஆற்றுவது போல மென்மையாக நான்கு எண்ணும் வரை விடவேண்டும்.

சாப்பிட்டவுடன் பயிற்சி

வேண்டாம். குறைந்தது ஒரு மணி நேரம் போகட்டும்.

எல்லோருக்கும் ஒரே பயிற்சி

இருமலில் ரத்தம் வருபவருக்கும், நுரையீரல் உறைக்குள் காற்று புகுந்தவருக்கும் மருத்துவர் சொல்லாமல் எந்தப் பயிற்சியும் தொடங்காதீர்கள். மற்றவர்களுக்கும் தொடங்குமுன் ஆக்ஸிஜன் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவே அது இறங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, மருத்துவரை அழையுங்கள்.