மேகத்தைப் பார்த்து மழை சொல்வதில் எங்கே தவறுகிறோம்?

வானம் கறுத்தால் மழை, வெளுத்தால் வெயில் என்று நினைப்பதில்தான் பாதிக் கணிப்பு தப்பாகிறது. மேகத்தின் கறுப்பு அதிலுள்ள தண்ணீருக்கு அளவுகோல் அல்ல. மேகம் எவ்வளவு தடிமன், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்தது அது. தூரத்தில், வெயில் நேராகப் படும்படி நிற்கும் இடிமேகம் காலிஃபிளவர் மாதிரி பளீரென்று வெள்ளையாகத் தெரியும். அதுவே தலைக்கு மேல் வந்தால் கன்னங்கரேல். 'வெள்ளை மேகம்தானே' என்று கொடியில் கிடந்த துணியை எடுக்காமல் விட்டு, மறுபடி துவைத்திருக்கிறேன்.

நிறத்தைவிட உயரத்தைப் பாருங்கள். பஞ்சுப் பொதி போன்ற திரள் மேகம் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும்வரை பயமில்லை. அகலத்தைவிட உயரம் மிஞ்சினால் கவனிக்க வேண்டும். உச்சியின் ஓரம் வெட்டியெடுத்தது போல் கூர்மையாக, பால் பொங்குவது போலப் புடைத்தால் மேகம் இன்னும் வளர்கிறது. அந்த ஓரம் மங்கி, நார் நாராகப் பிரிந்து, கொல்லன் பட்டறைக்கல் போலத் தட்டையாக விரிந்தால் மேல்பகுதி பனித்துகளாகிவிட்டது. அது முழு வளர்ச்சியடைந்த கார்திரள் மேகம், அதாவது இடிமேகம். வெப்பமண்டலத்தில் இதன் உச்சி 15 கிலோமீட்டரையும் தாண்டும்.

இதையெல்லாம் ஒரே பார்வையில் முடிவு செய்வதுதான் பெரிய தவறு. மேகத்தின் பெயர் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறோம். 1802-ல் லண்டனில் வானிலை ஆர்வலர் லூக் ஹோவர்ட் லத்தீன் பெயர்கள் சூட்டித் தொடங்கிய வகைப்பாடு இன்று பத்து முதன்மை வகைகளாக இருக்கிறது. கனமழையோ விடாத மழையோ பெரும்பாலும் இரண்டிலிருந்துதான்: கார்திரள், அப்புறம் வானத்தையே சாம்பல் போர்வையாக மூடும் கார்படை. ஆனால் பெயரைவிட மாற்றம்தான் நிறையச் சொல்லும். ஒரு மரத்தின் உச்சியையோ கட்டட மூலையையோ அடையாளமாக வைத்து, அசையாமல் நின்று, ஒரே மேகத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். வளர்கிறதா, கரைகிறதா, எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும்.

நகரும் திசையிலும் ஏமாறுவோம். முகத்தில் படும் காற்று வேறு, மேகத்தைத் தள்ளும் மேல்காற்று வேறு. வளரும் இடிமேகம் சுற்றியுள்ள காற்றைத் தன் பக்கம் இழுக்கும். 'காற்று மேகத்தை நோக்கித்தானே அடிக்கிறது, தள்ளிக்கொண்டு போய்விடும்' என்று நாம் நிம்மதியாக இருக்கும்போதே அது நெருங்கிவிடும். மேகத்தின் பக்கமிருந்து திடீரென்று சில்லென்று காற்று வீசினால், மழை அநேகமாகச் சில நிமிடத் தூரத்தில்தான்.

மேகத்தின் அடியில் சாம்பல் நிறத் தாரை தொங்கினாலும் அது தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். வறண்ட காற்றில் துளிகள் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும்.

'அகல வட்டம் பகல் மழை' என்பது பாதி சரி. நிலாவைச் சுற்றி அகன்ற வட்டம் தெரிந்தால் உயரே பனித்துகள் மேகம் பரவியிருக்கிறது என்று அர்த்தம். அது நேரமாக ஆகத் தடித்துக்கொண்டே போனால் மழைக்கு வாய்ப்புண்டு. எங்கோ பெய்து முடித்த இடிமேகத்தின் மிச்சமாகவும் அது இருக்கலாம்.

இடி காதில் விழுந்த பிறகும் மொட்டை மாடியில் நின்று மேகத்தை ஆராய வேண்டாம். மழை விழும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் தாக்கும். உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பாருங்கள்.