காப்பாட்சியர் ஆகப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“சின்ன வயதிலிருந்தே எனக்கு அருங்காட்சியகங்கள் பிடிக்கும்.” அருங்காட்சியகவியல் முதுநிலைப் படிப்புக்கு வரும் விண்ணப்பங்களில் அடிக்கடி தென்படும் முதல் வரி இது. பிடிப்பதில் தவறே இல்லை. ஆனால் பார்வையாளராகப் போனபோது நமக்குப் பிடித்தது காட்சி அரங்கு. வேலையின் பெரும்பகுதி நடப்பதோ அதற்குப் பின்னால், சேமிப்பறையிலும் பதிவேட்டிலும். பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 80 லட்சம் பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் காட்சியில் இருப்பவை ஏறத்தாழ 80,000. நூற்றுக்கு ஒன்று. மீதி தொண்ணூற்றொன்பதையும் யாராவது எண்ணிட்டு, அளந்து, பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டு, எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். படிப்பைத் தேர்ந்தெடுப்பது முதல் நேர்காணல் வரை மாணவர்கள் சறுக்கும் இடங்களில் பல, இதை மறப்பதால் வருபவை.

படிப்பைத் தேர்ந்தெடுப்பதில்

பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிடுகிறார்கள். பாடத்திட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். மாணவர்கள் கையில் எடுத்துப் பழக அந்தத் துறைக்கென்று தனிச் சேகரிப்பு உண்டா? இன்டர்ன்ஷிப் பாடத்துக்குள்ளேயே வருகிறதா, அல்லது “நீங்களே தேடிக்கொள்ளுங்கள்” என்று விட்டுவிடுகிறார்களா? கடந்த சில ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் இப்போது என்ன பணியில் இருக்கிறார்கள்? மூன்றாவதற்குத் துறையினர் நேரான பதில் தராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: அருங்காட்சியகப் பணி என்றாலே காப்பாட்சியர் (கியூரேட்டர்) பணி என்று நினைப்பது. பொருள் வருவது, போவது, பிற அருங்காட்சியகங்களோடு பொருளைக் கடன் தரும் பெறும் ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றையும் பார்ப்பவர் ரெஜிஸ்ட்ரார். சிதைவைத் தடுத்துச் சீர்செய்பவர் கன்சர்வேட்டர். கல்விப் பிரிவு, கண்காட்சி வடிவமைப்பு, தரவு மேலாண்மை ஒவ்வொன்றும் தனி வேலை. இவற்றில் கன்சர்வேட்டருக்கான பயிற்சி முற்றிலும் வேறு. வேதியியல் அடித்தளமும் நீண்ட ஆய்வகப் பயிற்சியும் இல்லாமல் அதற்குள் நுழைய முடியாது. “முதலில் கியூரேட்டிங் படித்துவிட்டுப் பிறகு கன்சர்வேஷனுக்கு மாறிக்கொள்கிறேன்” என்ற திட்டம் பலருக்கு இரண்டு ஆண்டுகளை வீணாக்கியிருக்கிறது.

காப்பாட்சியர் பணியே வேண்டும் என்றால் ஒரு பாடத்துறையில் ஆழம் வேண்டும். நாணயவியல், தாவரவியல், துணி வரலாறு, தொல்லியல் என ஏதோ ஒன்று. அருங்காட்சியகவியல் பட்டம் ஒரு சேகரிப்பை எப்படி நடத்துவது என்று சொல்லித்தரும். கையில் இருக்கும் பொருள் என்ன என்று சொல்லித்தராது.

பொருளைக் கையாளுவதில்

முதல் விதி எளிது: எங்கே வைக்கப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகே எடுக்க வேண்டும். மேசையைக் காலி செய்து, பாலிஎத்திலீன் நுரை விரித்து, வழியில் கதவு இருந்தால் அதைத் திறந்துவைத்துவிட்டுத்தான் பொருளைத் தொட வேண்டும். பயிற்சியின்போது நடக்கும் விபத்துகளுக்குக் காரணம் பெரும்பாலும் கை நடுக்கம் இல்லை. இரண்டு கையிலும் பொருளை வைத்துக்கொண்டு இடம் தேடி நிற்பதுதான். மோதிரம், வளையல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை மூன்றையும் கழற்றிவிடுங்கள். குனியும்போது முதலில் பொருளில் இடிப்பது அந்த அட்டைதான்.

குடுவையைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, விளிம்பைப் பிடித்தும் தூக்கக் கூடாது. பழைய ஒட்டு அங்கேதான் இருக்கும். பசை எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கை அடியில், ஒரு கை பக்கவாட்டில்.

வெள்ளைப் பருத்திக் கையுறை எல்லாப் பொருளுக்கும் பாதுகாப்பு என்ற நம்பிக்கை திரைப்படங்கள் தந்தது. மெருகிட்ட பீங்கானிலும் கண்ணாடியிலும் அது வழுக்கும். ஓலைச்சுவடியையோ பழைய நூலையோ புரட்டும்போது விரலின் தொடுவுணர்வைக் குறைத்து ஓரங்களைக் கிழித்துவிடும். தாளுக்குக் கழுவி உலர்த்திய வெறுங்கையே நல்லது. உலோகத்துக்கும் புகைப்படங்களுக்கும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வேண்டும். வியர்வையின் உப்பு உலோகத்தை அரித்து, ரேகை அப்படியே பதிந்துவிடும். பாடம் செய்த பழைய விலங்கு, பறவை மாதிரிகளைத் தொடும்போது கையுறை நம்மைக் காக்க. பூச்சி வராமலிருக்க அவற்றில் ஆர்சனிக் பூசும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. பழைய தாவர மாதிரித் தாள்களில் பாதரச உப்பு இருக்கலாம். இதைச் சொல்லித்தராமல் மாணவரைச் சேமிப்பறைக்குள் அனுப்புவது பெரிய தவறு. அனுப்பினால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

பொருளுக்குப் பக்கத்தில் பேனா வேண்டாம், பென்சில் மட்டும்.

பதிவு செய்வதில்

மாணவர்கள் அலுப்பான பாடம் என்று ஒதுக்குவது இதை. சேகரிப்பு முழுவதும் தாங்கி நிற்பதும் இதன் மேல்தான். 2023 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மியூசியம் தன் சேகரிப்பிலிருந்து பொருட்கள் திருடு போனதாக அறிவித்தது. காணாமற்போனவை, சேதமானவை எல்லாம் சேர்த்து சுமார் 2,000 என்று பின்னர் தெரியவந்தது. அவற்றில் பல முறையாகப் பதிவு செய்யப்படாத சிறு மணிக்கற்களும் நகைகளும். பதிவில் இல்லாத பொருள் தொலைந்தால், அது இருந்தது என்று நிரூபிக்கவே வழியில்லை.

எண்ணிடும் முறையைப் பாருங்கள். 2019.14.3 என்றால் 2019-இல் வந்த பதினான்காவது வரவு, அதில் மூன்றாவது பொருள். அவ்வளவுதான். சில மாணவர்கள் இதற்குள் மண்பாண்டத்துக்கு ஒரு குறி, உலோகத்துக்கு ஒரு குறி என்று அர்த்தங்களைத் திணிப்பார்கள். நாளை வகைப்பாடு மாறும். எண் மாறக் கூடாது. பொருளில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பழைய எண்ணையும் கிழிந்த சீட்டையும் “சுத்தம்” செய்வது அதைவிட மோசம். யாரிடம் இருந்தது, எந்த ஏலத்தில் போனது என்பதற்கு அந்தச் சீட்டே கடைசிச் சாட்சியாக இருக்கலாம். படம் எடுத்து, அதில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து படியெடுத்து, அப்படியே விட்டுவிடுங்கள்.

பொருளின் மேல் எண் எழுத பால்பாயின்ட், ஒட்டும் ஸ்டிக்கர், நகப்பூச்சு எதுவும் உதவாது. மண்பாண்டம், கல், உலோகம் போன்றவற்றில், மேற்பரப்பு உறுதியாக இருந்தால், அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 பிசினைச் சுமார் 20 சதவீத அடர்த்தியில் ஒரு சிறு பட்டையாகப் பூசி, நன்றாக உலரவிட்டு, அதன் மேல் நிறமி மையால் எண்ணை எழுதி, மீண்டும் ஒரு மேற்பூச்சு. எண்ணைக் காட்சியில் தெரியாத இடத்தில், ஆனால் பொருளைக் கவிழ்க்காமலே படிக்கக்கூடிய இடத்தில் எழுத வேண்டும். உலரும் முன் எழுதினால் மை கசிந்து பரவும். இந்தப் பாடத்தில் எல்லாரும் செய்யும் முதல் பிழை இது. பிளாஸ்டிக்கில் இதைச் செய்யவே கூடாது, அசிட்டோன் சில பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும். சீட்டு கட்டித் தொங்கவிடுங்கள். துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதி இரண்டு மூன்று தையல். தாளுக்குப் பின்பக்க மூலையில் மென்மையான பென்சில்.

பொருள் இப்போது எப்படி இருக்கிறது என்று குறிக்கும் நிலை அறிக்கையில் “நல்ல நிலை” என்று எழுதுவது எதுவும் எழுதாததற்குச் சமம். “விளிம்பில், கைப்பிடிக்கு இடப்புறம் 30 மி.மீ. தள்ளி, 12 மி.மீ. நீள மயிரிழை விரிசல், உட்பக்கத்திலும் தெரிகிறது, ஓரங்கள் அழுக்கேறியிருப்பதால் பழையது” என்று எழுதினால், ஆறு மாதம் கழித்துக் கடன் கொடுத்த பொருள் திரும்பி வரும்போது அந்த விரிசல் 12 மி.மீ.தானா, 15 ஆகிவிட்டதா என்று அளந்து பார்க்கலாம். சிலைகளுக்கு இடம், வலம் எழுதும்போது அது சிலையின் இடமா, பார்ப்பவரின் இடமா என்று தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். இதைக் குறிப்பிடாத அறிக்கையால் காப்பீட்டுத் தகராறே வரக்கூடும். படங்களில் அளவுகோலும் நிற அட்டையும் இருக்கட்டும். ஒருமுறை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்தும் எடுங்கள், நேர் வெளிச்சத்தில் தெரியாத உப்பலும் உரிதலும் அதில் தெரியும்.

பொருளை நகர்த்தினால் புதிய இடத்தை அந்த நிமிடமே பதிய வேண்டும். “மாலையில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம்” என்று விட்டால் மாலைக்குள் இரண்டு பெட்டிகள் மாறியிருக்கும். பிரிட்டனில் உருவான ஸ்பெக்ட்ரம் என்ற தரமுறை சேகரிப்பு வேலைகளை 21 நடைமுறைகளாகப் பிரிக்கிறது. அவற்றில் 9 அடிப்படையானவை. முதல் பருவத்திலேயே அந்த ஒன்பதையும் வரிக்கு வரி படித்துவிடுங்கள்.

எண்களை மனப்பாடம் செய்வதில்

பொருட்கள் இருக்கும் அறைக்கு “வெப்பம் 20, ஈரப்பதம் 50” என்று மந்திரம்போல் ஒப்பிப்பவர்கள் அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள காரணத்தைக் கேட்டால் நின்றுவிடுகிறார்கள். பெரிய அருங்காட்சியகங்களின் பீஸோ குழு ஏற்றுக்கொண்ட வரம்பு அதைவிட அகலம்: பல வகைப் பொருட்களுக்கு ஒப்பு ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம், வெப்பம் 16 முதல் 25 டிகிரி செல்சியஸ். மரத்தையும் தந்தத்தையும் பிளப்பது அடிக்கடி ஏறி இறங்கும் ஈரப்பதம். 65-ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சை. மண்ணுக்கடியிலிருந்து எடுத்த இரும்புக்கோ இந்த நடுவரம்பே ஆபத்து. அதற்கு மிக வறண்ட காற்று வேண்டும்.

வெளிச்சக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். துணிக்கும் நீர்வண்ண ஓவியத்துக்கும் வழக்கமான வரம்பு 50 லக்ஸ் (பொருளின் மேல் விழும் வெளிச்சத்தின் அலகு). நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ் மணி. விளக்கை 100 லக்ஸுக்கு ஏற்றினால் அதே மங்கல் பாதிக் காலத்தில் வந்துவிடும். பிறகு இருட்டில் வைத்தாலும் போன நிறம் திரும்பாது. புற ஊதா வடிகட்டி போட்டுவிட்டால் போதும் என்று எழுதுவதும் தவறு. கண்ணுக்குத் தெரியும் ஒளியே சாயத்தை வெளுக்கச் செய்யும்.

காட்சிப்பெட்டிக்கு ஓக் மரம் அழகாக இருக்கும். ஆனால் அது வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி ஈயப் பொருட்களை வெண்பொடியாக அரித்துவிடும். அதனால்தான் பெட்டிக்கான பொருளை முன்பே ‘ஆடி’ (Oddy) எனப்படும் அரிப்புச் சோதனையில் வைக்கிறார்கள்: வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றின் சிறு தகடுகளோடு மூடிய குடுவையில், ஈரப்பதத்தோடு, 60 டிகிரியில் 28 நாள். கண்காட்சி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது துணியையும் பெயின்ட்டையும் மாற்றச் சொல்லும் வடிவமைப்பாளரிடம் ஏன் முடியாது என்று விளக்க இந்த 28 என்ற எண் உதவும்.

கைமாறிய வரலாற்றில்

பொருள் யார் யாரிடமிருந்து எப்படி வந்தது என்பதை ஆய்வேட்டில் ஒரு பத்தியாக முடித்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஒரு வெண்கல நடராசரை வாங்கியது. சிலை பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வந்ததாக வணிகர் கொடுத்த தாள்கள் சொல்லின. ஆனால் அது தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்தபோது எடுத்த படங்கள் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படக் காப்பகத்தில் இருந்தன. 2014-இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. வணிகரின் தாளை இன்னொரு தாளோடு ஒப்பிடாமல் நம்பினால் இதுதான் நடக்கும்.

அட்டவணை போட்டு வேலை செய்யுங்கள்: ஆண்டு, வைத்திருந்தவர், பெற்ற விதம், ஆதாரம். ஆதாரம் இல்லாத ஆண்டுகளை வெற்றாக விடுங்கள். “தனியார் சேகரிப்பு” என்று எழுதி நிரப்புவதுதான் பெரிய பிழை; இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தால் அடுத்து வருபவர் தேடுவார். பண்பாட்டுப் பொருட்களின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த 1970-க்குப் பிறகு நாடு கடந்த பொருளில் அந்த வெற்றிடம் இருந்தால் அங்கேயே நின்று கேள்வி கேட்க வேண்டும்.

விளக்க அட்டை எழுதுவதில்

ஆய்வேட்டு மொழி அப்படியே சுவருக்கு ஏறிவிடுகிறது. “இவ்வெண்கலக் கண்ணாடி அக்காலச் சமூக அந்தஸ்தின் குறியீடாகவும் உலோகவியல் நுட்பத்தின் வெளிப்பாடாகவும் விளங்குகிறது” என்று படித்தவர் கண்ணாடியைப் பார்க்காமலே நகர்ந்துவிடுவார். “கைப்பிடியின் பின்புறம் ஒரு பள்ளம் தெரிகிறதா? பெருவிரல் பதிந்து பதிந்து தேய்ந்த இடம் அது” என்று தொடங்கினால் குனிந்து பார்ப்பார். 50 முதல் 75 சொற்களுக்குள் முடியுங்கள். அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, துறை தெரியாத ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் திக்கும் இடத்தை மாற்றுங்கள்.

இன்டர்ன்ஷிப், பணித்தொகுப்பு, நேர்காணல்

பெரிய பெயருள்ள இடத்தில் மூன்று மாதம் உறை ஒட்டுவதைவிட, சிறிய அருங்காட்சியகத்தில் ஒரு பொருளை வரவுப் பதிவிலிருந்து காட்சிப்பெட்டி வரை கொண்டுபோவது பயன்தரும். தொடங்கும் முன் எழுத்தில் வாங்குங்கள்: என்ன பணி, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை, ஊதியம் உண்டா, முடிவில் கையில் என்ன இருக்கும். “சேகரிப்புப் பிரிவில் உதவினேன்” என்ற வரியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எத்தனை பதிவுகள் எழுதினீர்கள், எத்தனை தவறான இடக்குறிப்புகளைத் திருத்தினீர்கள் என்று சொல்லுங்கள்.

பணித்தொகுப்பில் கொடையாளர் முகவரி, காப்பீட்டு மதிப்பு, சேமிப்பறையின் இருப்பிடம், பூட்டு அமைப்பு எதுவும் வரக் கூடாது. சேமிப்பறையில் எடுத்த படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவது வேலை வாய்ப்பை மூடிவிடும்.

பல நேர்காணல்களில் ஒரு பொருளை மேசையில் வைத்து விவரிக்கச் சொல்வார்கள். உடனே காலத்தையும் பாணியையும் சொல்லத் தொடங்குபவர்கள் அங்கேயே தடுமாறுகிறார்கள். பண்பாட்டுப் பொருட்களை விவரிப்பதற்கான சர்வதேசத் தரமுறையான ஆப்ஜெக்ட் ஐடி படிவம் காட்டும் வழியில் போங்கள்: என்ன வகைப் பொருள், எதனால் ஆனது, எப்படிச் செய்யப்பட்டது, அளவு, அதில் உள்ள எழுத்தும் குறியும், இதை இதுபோன்ற இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் கீறலோ ஒட்டோ. காலத்தைக் கடைசியில் சொல்லுங்கள், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதோடு சேர்த்து. தொடுவதற்கு முன், தொடலாமா, கையுறை இருக்கிறதா என்று கேளுங்கள்.