கடற்காற்றில் நிற்கும் காரை வீட்டிலேயே கழுவுவது எப்படி?

கொழும்பு மெரின் டிரைவ் பக்கம் ஓர் இரவு நிறுத்திவைத்த காரின் முன் கண்ணாடியைக் காலையில் விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டும். வைப்பரைப் போட்டால் வெள்ளையாக இழுபடும். அது தூசி இல்லை, உப்பு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ரயில் பாதையைத் தாண்டி நேரே வீட்டு வாசலுக்கு வரும் காலத்தில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கரையோரம் முழுக்க இதே கதைதான்.

மழைதான் பெய்கிறதே, அதுவே கழுவிவிடும், ஏன் மினக்கெட வேண்டும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். மழை கழுவுவது கூரையையும் பொனட்டையும்தான். மட்கார்டின் உட்பக்கம், கதவின் கீழ் விளிம்பு, காரின் அடிப்பாகம், இங்கெல்லாம் மழை படாது, சேறுதான் படும். காற்றில் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். சமையலறை உப்புப் போத்தல் மழைக்காலத்தில் கசிவதும் இதனால்தான். கொழும்பு இரவுகள் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியவை என்பதால், கார் ஓடாமல் சும்மா நிற்கும்போதும் அதன் இரும்பு உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டே இருக்கிறது, கறள் அங்கேதான் பிடிக்கிறது. அதனால் நாம் கழுவுவது மினுக்கத்துக்காக இல்லை, உப்பை இறக்குவதற்காக. இதை மனதில் வைத்தால் கீழே சொல்லும் வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்று உங்களுக்கே விளங்கும்.

தேவையானவை கொஞ்சம்தான். இரண்டு வாளி, கார் ஷாம்பு, தேய்ப்பதற்கு மைக்ரோபைபர் கையுறை, சக்கரத்துக்கென்று தனியாக ஒரு பழைய துணி, துடைக்கப் பெரிய மைக்ரோபைபர் துவாய் இரண்டு, ஒரு விளக்குமாற்று ஈர்க்கு. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அது பெயின்டின் மேலிருக்கும் மெழுகைக் கழற்றிவிடும். சலவைத்தூள் அறவே வேண்டாம். தொடர்மாடியில் பைப் போட விடமாட்டார்கள் என்றால், பூச்செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு ஒன்றைப் புதிதாக வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகவே உதவும்.

நேரம்: காலை எட்டு மணிக்கு முன், அல்லது வெயில் இறங்கிய பிறகு. ஓடிவந்த சூட்டோடு கழுவ வேண்டாம். பொனட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சூடு ஆறியிருந்தால் தொடங்கலாம். சூடான தகட்டில் ஷாம்பு காய்ந்து திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

சரி, முதல் வேலை கீழே. சக்கரங்கள், மட்கார்டின் உட்பக்கம், கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பு, பம்பரின் அடி, இங்கெல்லாம் வெறும் தண்ணீரை அடியுங்கள். அவசரப்பட வேண்டாம், உப்பு கரைவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுத்து மறுபடியும் அடியுங்கள். மட்கார்டின் உள்விளிம்பில் விரலை விட்டுத் தடவினால் மடிப்புக்குள் சேறு கட்டியாக நிற்பது தெரியும், அதைத் தோண்டி எடுங்கள், ஏனென்றால் அந்தச் சேறுதான் உப்பையும் ஈரத்தையும் நாள்கணக்கில் பிடித்துவைத்திருப்பது.

அடுத்தது கதவு. கதவைத் திறந்து அதன் அடிவிளிம்பைக் குனிந்து பார்த்தால் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறும் வழி அது. ஈர்க்கை மெதுவாக விட்டுப் பாருங்கள். அடைத்திருந்தால் முதலில் ஒரு கரும்பழுப்புச் சொட்டு வரும், பிறகு தண்ணீர் ஒழுகும். கரையோரக் கார்களில் கதவு உள்ளிருந்து உக்கிப்போவதற்கு இந்த அடைப்பு ஒரு பெரிய காரணம். வெளியே பெயின்ட் கொப்புளித்த பிறகு கண்டுபிடித்தால் தகடு வெட்டி ஒட்டும் செலவுதான்.

அப்புறம்தான் மேலே. கூரையிலிருந்து கீழ்நோக்கி முழுக்க வெறும் தண்ணீர் ஊற்றி உப்பையும் மணலையும் இறக்குங்கள். இதற்கு முன் துணி பெயின்டில் படவே கூடாது, காய்ந்த துணியால் தட்டித் துடைப்பதும் கூடாது. மணல் துகள் ஒன்றே போதும், பெயின்ட் முழுக்க வட்டக் கீறல். காகம் எச்சமிட்டிருந்தால் ஈரத்துணியை அதன்மேல் போட்டு ஊறவிட்டு எடுங்கள், சுரண்ட வேண்டாம்.

இனி ஷாம்பு. போத்தலில் சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள். ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு பகுதியை நேர்கோட்டில் தேயுங்கள், வெறும் தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், மறுபடி ஷாம்பு. அழுக்கு இரண்டாவது வாளியின் அடியில் படியும், காருக்குத் திரும்பிப் போகாது. கூரை, கண்ணாடி, பொனட், பக்கங்கள், கடைசியாகக் கதவின் கீழ்ப்பாதி. சக்கரத்துக்கு அந்தப் பழைய துணி மட்டும். ஒரு பக்கம் முடிந்ததும் உடனே அலசுங்கள், முழுக் காரையும் நுரையில் நிற்கவிட வேண்டாம்.

பிரஷர் வொஷர் இருந்தால் ஓர் அடிக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். அக்வா, பிரியஸ் போன்ற ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் பொனட்டைத் திறந்து உள்ளே தண்ணீர் அடிக்கவே கூடாது. அங்கே தெரியும் செம்மஞ்சள் வயர்கள் உயர் மின்னழுத்தம் ஓடுபவை.

ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் என்றால் இன்னொரு விஷயம். ஹொக்கைடோ போன்ற பனி விழும் பகுதிகளில் வீதியில் பனியைக் கரைக்க உப்பு வகைகளைத் தூவுகிறார்கள், அங்கே ஓடிய கார் கறளோடுதான் கப்பல் ஏறியிருக்கலாம். ஒக்‌ஷன் ஷீட்டில் (ஏலத்தில் காரின் நிலையைக் குறித்துக் கொடுத்த தாளில்) ‘எஸ்’ என்று குறித்திருந்தால் கறள், ‘சி’ என்றால் அரிப்பு. அப்படியான கார் கடற்கரையோரம் நிற்கிறதென்றால் சேர்விஸ் ஸ்டேஷனில் தூக்கி வைத்து அடியைக் கழுவச் சொல்லுங்கள். கழுவிய பிறகு மண்ணெண்ணெய் கலந்து அடிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ரப்பர் புஷ்கள் உப்பிப் பாழாகும்.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். விடியற்காலையில் கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் கேத்தில் சுடுதண்ணீரைத் தூக்கி ஊற்றிவிடாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். எஞ்சினைப் போட்டு ஹீட்டரை மெதுவாகக் கூட்டுங்கள், தானே இறங்கும். கார் கழுவுவதை வெயில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். டொரொன்டோவில் இருக்கும் உறவுகளும் இதைத்தான் செய்கிறார்கள்: வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் போகும் நாளில், நண்பகலில் கழுவி, கதவு ரப்பர்களை ஈரமில்லாமல் துடைப்பார்கள். துடைக்காவிட்டால் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

இனித் துடைப்பது. துவாயை விரித்துப் போட்டு இழுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். கதவு மடிப்பு, டிக்கி ரப்பர், பெற்றோல் மூடியின் உட்பக்கம் மூன்றையும் மறக்க வேண்டாம், தண்ணீர் ஒளிந்துகொள்ளும் இடங்கள் அவை. துடைத்து முடிந்ததும் அப்படியே நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடாதீர்கள். ஈரத்தோடு நின்றால் டிஸ்க்கில் ஒரே இரவில் கறள் படியும், சில வேளை பிரேக் ஒட்டிக்கொள்ளும். ஹவ்லொக் வீதிப் பக்கம் ஒரு சுற்று மெதுவாகப் போய், பின்னால் வாகனம் இல்லாத இடத்தில் நாலைந்து முறை பிரேக்கை லேசாக மிதித்துக் காயவைத்துவிட்டு வந்து நிறுத்துங்கள்.

காற்றுக் காலத்தில் அடிப்பாகத்துக்கு வாரம் ஒருமுறை தண்ணீர், முழுக் கழுவல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு. ஒரு வாரம் நேரமே கிடைக்கவில்லை என்றால் ஷாம்பை விடுங்கள், சக்கரத்தடிக்கு மட்டும் இரண்டு வாளி தண்ணீர் அடித்துவிடுங்கள்.