திரளான மீன்பாடு: அற்புதப் பகுதியை வாசித்துப் பொருள் காண்பது எப்படி?

இயேசு சொன்னபடி வலை போட்டதும் ஏராளமாக மீன் படுவது நற்செய்திகளில் இரண்டு இடத்தில் வரும்: லூக்கா 5:1–11 (பேதுருவை அழைத்தபோது), யோவான் 21:1–14 (உயிர்த்தெழுந்தபின், இயேசு கரையில் நின்று சீடரிடம் சொன்னது). இரண்டும் ஒரே கதையாகக் கலந்துபோவதுதான் முதல் சிக்கல். கொப்பியில் நடுவே கோடு போட்டு, ஒருபக்கம் லூக்கா, மறுபக்கம் யோவான் என்று எழுதுங்கள். பழைய வேதாகமமும் திருவிவிலியமும் அச்சுப் பிரதியாகப் பக்கத்தில் இருப்பது நல்லது. கைபேசியில் ஒற்றை வசனத்தை மட்டும் தட்டி வாசித்தால் முன்பின் அறுந்துபோகும்.

படி 1: தொழிலைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தின் மீனவர் ஊர்களான குருநகரிலும் பாசையூரிலும் வளர்ந்தவர்களுக்கு இது எளிது, ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய வேதாகமம் ‘கெனேசரேத்துக் கடல்’ என்றாலும் அது நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கி.மீ., அகலம் சுமார் 13 கி.மீ. நமது கடலின் வற்று, பெருக்கை வைத்து அதற்கு விளக்கம் சொல்லக்கூடாது. அங்கே வலைத்தொழில் பெரும்பாலும் இரவில். பகல் வெளிச்சத்தில் மீனுக்கு வலை தெரிந்துவிடும். லூக்காவில் வலையை அலசியும் ஆயிற்று (வச. 2). திரும்பப் போட்டால் திரும்ப அலசவேண்டும். இரவு முழுவதும் ஒன்றும் அகப்படவில்லை, ‘ஆகிலும்’ உம்முடைய வார்த்தையின்படி வலையைப் போடுகிறேன் என்று பேதுரு சொல்லும் (வச. 5) அந்தச் சொல்லின் பாரம் அங்கேதான் இருக்கிறது.

படி 2: விளிச்சொல்லைக் கோடிடுங்கள்

பேதுரு இயேசுவை அழைப்பது லூக்கா 5:5இல் ‘ஐயரே’, 5:8இல் ‘ஆண்டவரே’. கிரேக்கத்திலும் இரண்டு வேறு சொற்கள். இடையில் நடந்தது மீன்பாடு மட்டுமே. 5:10இல் மனிதரைப் ‘பிடிப்பாய்’ என்பதற்குக் கிரேக்கச் சொல் உயிரோடு பிடிப்பதைக் குறிப்பது. வலையில் பட்ட மீன் சாகும். இந்தப் பிடி அப்படியல்ல.

படி 3: 153

யோவான் 21:11இல் வலையில் பட்ட மீன்களின் எண்ணிக்கை இது. அதிகம் பேர் இடறும் இடம். பழைய திருச்சபை அறிஞரான அகுஸ்தீனார் 1 முதல் 17 வரை கூட்டினால் 153 வரும் என்று கண்டு, 17ஐப் பத்துக் கட்டளையும் ஆவியின் ஏழு வரமுமாகப் பிரித்தார். அவர் காலத்து இன்னொரு அறிஞர் எரோனிமூஸ், மீன் இனங்களே 153 என்று எழுதினார். இரண்டும் பழைமையான, மதிக்கத்தக்க வாசிப்புகள். ஆனால் யோவான் எந்த விளக்கமும் தரவில்லை. கணக்கோடு மல்லுக்கட்டுவதை விட்டு, அதே வசனத்தின் மீதியை வாசியுங்கள்: இத்தனை பெரிய மீன் இருந்தும் வலை கிழியவில்லை. லூக்காவில் கிழியும் நிலை வந்தது.

அதே வசனத்தில் பேதுரு வலையை ‘இழுத்தான்’. அந்த வினையைப் பின்தொடருங்கள். யோவான் 6:44இல் பிதா இழுக்கிறார்; 12:32இல் இயேசு எல்லாரையும் தம்மிடம் ‘இழுத்துக்கொள்ளுவேன்’ என்கிறார். கிரேக்கத்திலும் மூன்றும் ஒரே வினை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை அப்படியே காத்திருக்கிறது. 153ஐவிட உறுதியான பிடி இது என்பது என் தீர்மானம்.

படி 4: கரையைப் பாருங்கள்

21:9இல் கரிநெருப்பும் மீனும் அப்பமும் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்கள் பிடித்த மீன் இன்னும் கரைசேரவில்லை. புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பு இன்னொரு இடத்தில் மட்டும் வரும்: யோவான் 18:18, இயேசுவைப் பேதுரு மறுதலித்த முற்றம். அங்கே மூன்று மறுப்பு. இங்கே சாப்பாட்டுக்குப் பின் ‘என்னை நேசிக்கிறாயா’ என்று பேதுருவிடம் மூன்று கேள்வி. ஆகவே 14ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் 19 வரை வாசியுங்கள்.

பின்சேர்ப்பு: ‘கரையில் நிற்பவருக்கு மீன்கூட்டம் தெரியும், அதில் என்ன அற்புதம்?’ என்று கேட்கிறார்கள். யோவான் 21:8இன்படி படவுக்கும் கரைக்கும் தூரம் இருநூறு முழம், ஏறத்தாழ 90 மீற்றர். பார்த்துச் சொல்ல முடியாத தூரம் என்று அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் யோவான் காட்டுவது வேறு. வலை நிரம்பியதும் அன்புச் சீடன் மீனைப் பற்றிப் பேசவில்லை, கரையில் நிற்பவர் யாரென்று பேதுருவுக்குச் சொல்கிறான் (வச. 7). கொப்பியில் அந்த வசனத்தைச் சிவப்புப் பேனையால் கோடிடுங்கள்.