கீசரை எப்போது இயக்குவது? பரிணாம முறையில் ஒரு மின்சுற்றை வடிவமைக்கும் வழி

தட்டுப்பாட்டால் மின்சாரத்தைப் பகுதி பகுதியாக நிறுத்தும் லோட்ஷெடிங் மிகக் கடுமையாக இருந்த 2023ஆம் ஆண்டுக்குப் பிறகு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் கூரையில் சூரியத் தகடுகளும் உள்ளே இன்வெர்ட்டரும் பேட்டரியும் பொருத்திய தமிழர் வீடுகள் பல இருக்கின்றன. அத்தகைய வீட்டில் பேட்டரியை விரைவில் வற்றச் செய்யக்கூடியது கீசர்தான். 150 லிட்டர் தொட்டியின் சூடேற்றி பொதுவாக 3 கிலோவாட் இழுக்கும். அதை எப்போது இயக்கலாம், எப்போது கூடாது என்று முடிவு செய்யும் ஒரு சிறிய சுற்றை நாமே வரையாமல், கணினியையே தேடிக் கண்டுபிடிக்கச் செய்யும் வழியை இங்கே விளக்குகிறேன். பரிணாம முறையைக் கற்க இந்த அளவுள்ள சிக்கலே ஏற்றது. விடை சரியா என்பதைக் கையாலேயே சரிபார்த்துவிடலாம்.

முறையின் அடிப்படை எளிது. தற்செயலாக உருவான ஒரு வடிவமைப்பை எடுத்து, அதில் சிறு மாற்றங்கள் செய்து சேய்களை உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டு, சிறந்ததை அடுத்த தலைமுறைக்குத் தாயாக வைத்துக்கொள்கிறோம். கணினி அறிவியலாளர்கள் ஜான் ஹாலண்டும் ஜான் கோசாவும் பரவலாக்கிய இத்துறை தென்னாப்பிரிக்காவுக்கும் புதிதல்ல. நிரல்களையே இப்படிப் பரிணமிக்கச் செய்யும் மரபணு நிரலாக்கத்தில் நீண்ட காலமாக ஆய்வு செய்துவரும் நெலிஷியா பிள்ளை பிரிட்டோரியா பல்கலைக்கழகப் பேராசிரியர். சுற்றுகளுக்கு மிகப் பொருத்தமானது ஜூலியன் மில்லர் வளர்த்தெடுத்த, வடிவமைப்பை எண்களின் வரிசையாக எழுதும் கார்ட்டீசியன் மரபணு நிரலாக்கம் என்பதால் அதையே பின்பற்றுவோம்.

முதலில் உள்ளீடுகளை முடிவு செய்யுங்கள். நமக்கு நான்கு போதும்: மின்வாரிய மின்சாரம் வருகிறதா, பேட்டரி பாதிக்கு மேல் இருக்கிறதா, வெயில் போதுமா, தண்ணீர் ஏற்கெனவே சூடாகிவிட்டதா. ஒவ்வொன்றும் 0 அல்லது 1. தண்ணீர் சூடாக இருந்தால் கீசர் அணைந்திருக்க வேண்டும். சூடாக இல்லாவிட்டால், மின்சாரம் வரும்போது இயங்கலாம். மின்சாரம் இல்லாத நேரத்தில் பேட்டரியும் வெயிலும் சேர்ந்து இருந்தால் மட்டுமே இயங்கலாம். இதை, உள்ளீடுகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் விடை என்ன என்று காட்டும் 16 வரிகள் கொண்ட மெய் அட்டவணையாக எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் 5 வரிகளில் விடை 1. மற்ற 11 வரிகளில் 0.

அடுத்தது மதிப்பெண் இடும் முறை. இந்த வேலையில் மனித அறிவு முழுமையாகத் தேவைப்படும் இடம் இதுதான் என்பதால் அவசரப்பட வேண்டாம். எத்தனை வரிகள் சரி என்று வெறுமனே எண்ணினால், எப்போதும் 0 என்று சொல்லும் சுற்று, அதாவது எதையுமே செய்யாத சுற்று, 16க்கு 11 பெற்றுவிடும். ‘மின்சாரம் வருகிறது, தண்ணீர் சூடாக இல்லை’ என்ற இரண்டை மட்டும் பார்க்கும் சுற்று 15 பெறும். அந்தச் சுற்று பேட்டரியையும் வெயிலையும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது தவறவிடும் ஒரே வரி, மின்சாரம் நின்றுபோன, நல்ல வெயில் அடிக்கும், பேட்டரி நிறைந்த நேரத்துக்கு உரியது. சூரியத் தகடுகளுக்குச் செலவு செய்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். ஆகவே வரிகளுக்குச் சமமான எடை தராதீர்கள். அந்த வெயில் வரிக்கு 4 மதிப்பெண் கொடுங்கள். மின்சாரம் இல்லாமல் பேட்டரியும் தாழ்ந்திருக்கும்போது கீசரை இயக்கினால் வீடே இருளில் மூழ்கும் என்பதால், அந்த வரிகளுக்குத் தலா 5 கொடுங்கள். மற்றவற்றுக்கு 1 போதும். எடைகளைத் தேடல் தொடங்கும் முன்பே, எந்தத் தவறு எவ்வளவு தீங்கு செய்யும் என்று வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள். விடை வந்த பிறகு எடையை மாற்றினால், பிடித்த விடைக்கு ஏற்ப அளவுகோலை வளைத்ததாகிவிடும்.

இப்போது சுற்றை எண்களாக எழுத வேண்டும். உள்ளீடுகளுக்கு 0 முதல் 3 வரை எண்ணிடுங்கள்: 0 மின்சாரம், 1 பேட்டரி, 2 வெயில், 3 சூடு. 4 முதல் 23 வரை 20 கேட்டுகளுக்கு (உள்ளீடுகளைப் பார்த்து 0 அல்லது 1 தரும் சிறு உறுப்புகளுக்கு) இடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் மூன்று எண்கள்: முதல் எண் அது எந்த வகை (0 அண்ட், 1 ஆர், 2 நாட், 3 நார்) என்பதையும், அடுத்த இரண்டும் அது எங்கிருந்து உள்ளீடு பெறுகிறது என்பதையும் குறிக்கும். அண்ட், இரண்டு உள்ளீடுகளும் 1 என்றால் மட்டும் 1 தரும். ஆர், ஏதேனும் ஒன்று 1 என்றாலே 1 தரும். நார், இரண்டும் 0 என்றால் மட்டும் 1 தரும். நாட், முதல் உள்ளீட்டை மட்டும் எடுத்துத் தலைகீழாக்கும். எடுத்துக்காட்டாக, 4ஆம் கேட்டுக்கு 0, 1, 2 என்று இருந்தால், பேட்டரியையும் வெயிலையும் அண்ட் செய்கிறது என்று பொருள். எந்தக் கேட்டும் தன்னைவிடச் சிறிய எண்ணுள்ள இடத்திலிருந்தே உள்ளீடு பெற வேண்டும் என்ற விதி இருந்தால் சுழல்கள் உருவாகா. கடைசியில் வெளியீடு எந்தக் கேட்டிலிருந்து என்பதற்கு ஓர் எண். ஆக மொத்தம் 61.

தேடல் இவ்வாறு நடக்கும். 61 எண்களையும் தற்செயலாக நிரப்பி அதைத் தாயாக்குங்கள். ஒன்றிரண்டு எண்களை மாற்றி நான்கு சேய்களை உருவாக்குங்கள். தாயின் மதிப்பெண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோ பெற்ற சேய் இருந்தால் அதையே அடுத்த தாயாக்குங்கள். சமமானதையும் ஏற்பது மிக முக்கியம்: வெளியீட்டோடு தொடர்பில்லாத கேட்டுகளில் மாற்றங்கள் மதிப்பெண்ணைப் பாதிக்காமல் சேர்ந்துகொண்டே இருக்கும், பின்னொரு மாற்றம் அவற்றை இணைக்கும்போது மதிப்பெண் உயராமல் நின்ற தேக்கம் உடைகிறது. இதற்கான பைத்தான் நிரல் சில பத்து வரிகளில் அடங்கும். முதல் முறை ஆயத்த நூலகம் எதையும் நாடாமல் நீங்களே எழுதுவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. தற்செயல் எண்களின் தொடக்க விதையை (அதே எண்வரிசையை மீண்டும் பெற உதவும் எண்ணை) கோப்பில் குறித்துவைத்து, வெவ்வேறு விதைகளோடு பலமுறை ஓட்டுங்கள்.

முழு மதிப்பெண் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதன் பிறகு, விடை பிசகாமல் இருக்கும் சுற்றுகளுள் குறைவான கேட்டுகள் உள்ளதையே தேர்ந்தெடுக்கும்படி இரண்டாம் அளவுகோலைச் சேருங்கள். விதியைப் படித்தபடியே நாம் வரைந்தால் அண்ட் இரண்டு, ஆர் ஒன்று, நாட் ஒன்று என நான்கு கேட்டுகள் ஆகும். நார் கேட்டையும் பட்டியலில் சேர்த்திருப்பதால் மூன்றே போதும்: பேட்டரியையும் வெயிலையும் அண்ட் செய்து, அந்த விடையையும் மின்சாரத்தையும் நார் செய்து, அதன் விடையையும் சூட்டையும் மீண்டும் நார் செய்தால் வேண்டியது கிடைக்கிறது. இரண்டு உள்ளீட்டுக் கேட்டுகளைக் கொண்டு நான்கு உள்ளீடுகளை இணைக்க மூன்றுக்குக் குறைவாக முடியாது என்பதால் இதைவிடச் சிறிய சுற்று இல்லை. தேடல் அங்கே நின்றால் மனநிறைவோடு ஏற்கலாம்.

பெரிய சிக்கல்களில் இப்படி எல்லா வரிகளையும் சோதிக்க முடியாது. 20 உள்ளீடுகள் என்றாலே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள். அப்போது தேடலுக்குக் காட்டாத சோதனைகளைத் தனியே ஒதுக்கிவைப்பது கட்டாயம். நிரல் பிழைகளைப் பரிணாம முறையில் தானே திருத்தும் ஜென்புரோக் 2009இல் வெளிவந்தபோது பெரும் நம்பிக்கையை ஊட்டியது. ஆனால் வரிசைப்படுத்தும் நிரலொன்றில் வெளியீடு வரிசையாக இருக்கிறதா என்று மட்டும் சோதித்தபோது, எப்போதும் காலியான பட்டியலையே தந்து அந்தச் சோதனையில் தேறிய திருத்தமும் அதில் உருவானது. வன்பொருளில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் தாம்சன் 1996இல் உள்ளிணைப்புகளை விரும்பியபடி மாற்றக்கூடிய ஓர் எஃப்பிஜிஏ சில்லின் 100 கட்டங்களுக்குள், 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ் ஒலிகளைப் பிரித்தறியும் சுற்றைப் பரிணமிக்கச் செய்தார். வெளியீட்டோடு இணைப்பே இல்லாத சில கட்டங்களை நீக்கினாலும் அது பழுதுபட்டது. வெப்பநிலை மாறினாலும் தடுமாறியது. நாசா 2006இல் ஏவிய எஸ்டி5 செயற்கைக்கோள்களின் பரிணமித்த ஆண்டெனாவோ விண்வெளியிலேயே பணிபுரிந்தது. அங்கே கணினி மாதிரியில் பெற்ற வடிவத்தை உண்மையாகச் செய்து அளந்து பார்த்தே ஏற்றார்கள்.

ஆகவே உங்கள் சுற்றையும் முதலில் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் செருகிச் சோதிக்கும் பலகையில்), கீசருக்குப் பதிலாக ஒரு சிறிய எல்இடி விளக்கோடு பொருத்துங்கள். 16 வரிகளையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். டர்பன் கோடையில் தகரக் கூரைக்கடியில் ஒரு நண்பகல் முழுவதும் வைத்துவிட்டு மறுபடியும் சோதியுங்கள். பிறகு உள்ளீட்டு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்: சூட்டின் வயர் கழன்றால் அது 1 என்று கொள்ளப்பட்டு விளக்கு அணைய வேண்டும், மற்ற மூன்றில் எது கழன்றாலும் 0 என்று கொள்ளப்பட வேண்டும். அதற்குரிய மின்தடையங்களை (ரெசிஸ்டர்களை) அந்தந்த இடத்தில் சேருங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் கீசரின் சொந்த தெர்மோஸ்டாட்டை ஒருபோதும் நீக்காதீர்கள். நம் சுற்று அதற்கு முன்னால் ஒரு கான்டாக்டரை (அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் மின்காந்த சுவிட்சை) இயக்க மட்டுமே வேண்டும். அந்த இணைப்பைப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் செய்து, இணக்கச் சான்றிதழ் வழங்கட்டும்.