செல்லுக்குள் புரதப் படிகம்: எங்கெல்லாம் தவறுகிறோம்?

செல்லுக்குள் புரத மூலக்கூறுகள் சீராக அடுக்கிப் படிகமாகியிருந்தால் உடனே 'நோய்' என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைத் துத்தநாகத்தோடு சேர்த்து, ஆறு ஆறாகக் கட்டி, நுண்பைகளுக்குள் படிகமாகவே சேமிக்கின்றன. இரத்தத்தில் கலந்ததும் அது கரைந்துவிடும். ஆமணக்கு விதையிலும் சேமிப்புப் புரதம் படிகமாக இருக்கிறது. இதெல்லாம் கோளாறே இல்லை.

அதற்காக எல்லாப் படிகமும் சாதுவென்றும் நம்ப வேண்டாம். ஆஸ்துமா நோயாளிகளின் சளியில் தென்படும் சார்கோ-லேடன் படிகங்களை 1853-லேயே விவரித்துவிட்டார்கள். இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் உடைந்து சாகும்போது காலெக்டின்-10 புரதம் படிகமாகிறது. இந்தப் படிகம் வெறும் கழிவு என்றே வெகுகாலம் ஒதுக்கப்பட்டிருந்தது. 2019-ல் எலிகளில் சோதித்தபோது படிக வடிவம் அழற்சியைத் தூண்டியது. கரைந்த நிலையில் அதே புரதம் தூண்டவில்லை. ஆக, எந்தப் புரதம் என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த நிலையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

நுண்ணோக்கியில் ஊசி போலத் தெரிவதையெல்லாம் புரதப் படிகம் என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. தாவரச் செல்களில் காணும் ஊசிகள் பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட், புரதமே அல்ல. சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினைப் பாருங்கள். அதன் பீட்டா சங்கிலியின் 6-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் வந்தால் அரிவாள் செல் நோய். அங்கே ஆக்சிஜன் இறங்கும்போது உருவாவது படிகமல்ல, நீண்ட இழைகள். அதே இடத்தில் லைசின் வந்தால் ஹீமோகுளோபின் சி என்ற வகை. இது சிவப்பணுவுக்குள் நிஜமாகவே படிகமாகும், அதுவும் ஆக்சிஜன் ஏறிய நிலையில், இறங்கினால் கரையும்! சந்தேகமிருந்தால் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் சீரான அடுக்கு தெரிகிறதா, எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு (சீரான அடுக்கில் பட்டுச் சிதறும் கதிர்கள் தரும் புள்ளிக்கோலம்) கிடைக்கிறதா என்று பார்த்துவிடுவதே சரி. பாக்டீரியாவில் அளவுக்கு மீறிப் புரதம் உற்பத்தி செய்யும்போது சேரும் திரட்டுகளும் பெரும்பாலும் ஒழுங்கற்ற குவியல்தான்.

அப்புறம், பிரித்தெடுக்கும்போது நடக்கும் அவசரம். புரதப் படிகம் கல் மாதிரி கெட்டியானது அல்ல. ஏறத்தாழ பாதி நீர்தான். உலரவிட்டால் ஒழுங்கு குலையும். செல்லை உடைக்கும் கரைசலின் காரத்தன்மையோ உப்பளவோ மாறினால் கரைந்தும் போகலாம். பூச்சி வைரஸ்களைப் பொதிந்து வைத்திருக்கும் பாலிஹெட்ரா என்ற புரதப் படிகங்கள் மண்ணில் வெகுநாள் தாங்கும். புழுவின் குடலிலுள்ள கடும் காரத்தில் கரைந்து வைரஸை வெளியே விடும். அதனால் உடைக்கும் முன்பே, செல் முழுதாக இருக்கையிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மிகச் சிறியது என்று தூக்கிப் போடவும் வேண்டாம். தூக்க நோய் ஒட்டுண்ணியின் கத்தெப்சின்-பி நொதியைப் பூச்சிச் செல்களுக்குள் உற்பத்தி செய்தபோது சுமார் 1 மைக்ரான் தடிமனுள்ள ஊசிகள் வளர்ந்தன. எக்ஸ்-கதிர் லேசர் துடிப்புகளில் ஆயிரக்கணக்கான ஊசிகளைக் காட்டி 2013-ல் அந்த நொதியின் அமைப்பையே வெளியிட்டார்கள்.