சின்ன மின்சார காரில் ஒன்பது கோயில்: டெல்டாவில் கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

டெல்டாக்காரர்களுக்குப் பேக்கப் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. ஜூன் 12 மேட்டூர் திறக்கும் என்று நம்பித்தான் குறுவைக்கு நாற்றங்கால் விடுகிறோம். ஆனாலும் வயலோரத்தில் பில்டர் பாயிண்ட் மோட்டாரை, அதாவது ஆழமில்லாத குழாய்க் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் மோட்டாரை, ஓடுகிற நிலையில் வைத்திருப்போம். ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டால் அதற்கு வேலை இல்லை. வராத வருடத்தில் நாற்றைக் காப்பாற்றுவது அதுதான்.

ஜெர்மனியில் இருக்கும் என் சித்தப்பா மகனுடைய பிஎம்டபிள்யூ ஐ3 காரில் முதல்முறை உட்கார்ந்தபோது எனக்கு அந்த மோட்டார்தான் ஞாபகம் வந்தது. அது மின்சார கார்தான். ஆனால் பின்பக்கம் 647 சிசியில் இரண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்று உட்கார்ந்திருக்கும். 9 லிட்டர் டேங்க். அந்த இன்ஜின் சக்கரத்தைத் தொடவே தொடாது. பேட்டரி அடிமட்டத்துக்கு வரும்போது ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. சக்கரத்தை ஓட்டும் மின்மோட்டார் 125 கிலோவாட், ஜெனரேட்டரோ 25 கிலோவாட் அளவுக்குத்தான் கொடுக்கும். அதனால் நீண்ட மலையேற்றத்தில் திணறும், சமதளத்தில் பிரச்சினை இல்லை. "நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கேடா" என்றேன் அவனிடம்.

அந்த கார் இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வரவே இல்லை. 2013இல் தொடங்கிய தயாரிப்பும் 2022இல் நின்றுவிட்டது. நாம் இங்கே வாங்கக்கூடிய டாடா டியாகோ இவி, எம்ஜி காமெட் போன்ற சின்ன மின்சார கார்களில் உதவிக்கு இன்ஜின் கிடையாது. பில்டர் பாயிண்டை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். கும்பகோணத்தில் என் டியாகோ இவியை வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்கிறேன் என்பதை, புதிதாக கார் வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன். உதாரணத்துக்கு நவக்கிரகக் கோயில் சுற்று. அம்மாவை அழைத்துக்கொண்டு நான் அடிக்கடி போகும் வழி அது.

படி 1: உங்கள் காரின் உண்மையான தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

டியாகோ இவியில் 19.2 யூனிட், 24 யூனிட் என இரண்டு பேட்டரி அளவுகள் உண்டு. (ஒரு கிலோவாட் மணியும் நம் இபி மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டும் ஒன்றுதான்.) 2022இல் கார் வந்தபோது பெரிய பேட்டரிக்குச் சொன்ன தூரம் 315 கிலோமீட்டர். அது சோதனைக்கூடக் கணக்கு. அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

முழுச் சார்ஜ் போடுங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, 50, 55 வேகத்தில், நீங்கள் வழக்கமாகப் போகும் சாலையில் ஓட்டுங்கள். பேட்டரி 50 சதவீதத்துக்கு வந்ததும் எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். அதை இரண்டால் பெருக்கினால் முழுத் தூரம். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் நீங்கள் கணக்கில் வைக்க வேண்டிய தூரம்.

என் கார் யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர் தருகிறது. 24 யூனிட்டுக்கு 190 சொச்சம். நான் மனதில் வைத்திருப்பது 150தான். கழித்த அந்த 40 கிலோமீட்டர், சித்தப்பா மகனுடைய காரில் இருக்கும் 9 லிட்டர் டேங்குக்கு ஈடாக நான் ஒதுக்கி வைத்திருப்பது. அதைத் திட்டத்தில் தொடவே மாட்டேன்.

டெல்டாவில் மேடு பள்ளம் இல்லாதது நமக்குக் கிடைத்த வரம். ஊர்களும் வளைவுகளும் நிறைந்த ரோட்டில் வேகமும் தானாகவே 50க்குள் நின்றுவிடும். நான்குவழிச் சாலை கிடைத்ததும் 90இல் போகத் தோன்றும். அங்கேதான் கணக்கு கெடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 55இல் இருப்பதைவிட 90இல் அது இரண்டரை மடங்குக்கும் மேல். ஏசி அந்த அளவுக்குத் தின்பதில்லை. சித்திரை வெயிலில் அம்மாவை வியர்க்க வைத்து மிச்சம் பிடிப்பதைவிட வேகத்தைக் குறைப்பது நல்லது.

படி 2: வீட்டில் பிளக் போடுவது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். காருடன் வரும் சாதாரண சார்ஜர் 15 ஆம்பியர் பவர் பிளக்கில் ஓடும். மணிக்குச் சுமார் இரண்டரை யூனிட் ஏறும். அதாவது கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். பேட்டரி காலியாக இருந்தால் இரவு முழுக்க ஆகும், பரவாயில்லை. ஆனால் ஏசியோ கீசரோ அவ்வப்போது ஓடி நிற்கும். கார் எட்டு ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கும். பழைய வயர் தாங்காது.

எலக்ட்ரீஷியனிடம் இதைக் கேளுங்கள்: மீட்டர் போர்டிலிருந்து நேராகத் தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், தனி எம்சிபி (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்), நல்ல கம்பெனி 16 ஆம்பியர் சாக்கெட். அப்புறம் எர்த்.

எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், ஆனால் அந்த மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. மிக்ஸி ஓடும், பிரிட்ஜ் ஓடும், யாருக்கும் தெரியாது. காரின் சார்ஜர் மட்டும் எர்த் இல்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். சார்ஜரில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் உயிரைக் காப்பதற்காகத்தான் அது அடம்பிடிக்கிறது. எர்த் வரவில்லை என்பதற்காக நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிச்சுப் போடச் சொல்லும் ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கார் உடம்பே ஷாக் அடிக்கும். குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு முறையாகச் செய்யுங்கள். நம் களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த் அருமையாக இருக்கும். வெயில் காலத்தில் மண் வெடிக்கும்போது வாரம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழியில் ஊற்றுங்கள்.

மின்கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். என் காருக்கு மாதம் 1000 கிலோமீட்டருக்கு 125 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. உங்கள் பழைய இபி கார்டை எடுத்து, வீட்டுச் செலவோடு கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. வயல் மோட்டார் இணைப்பில் காரைச் சொருகாதீர்கள். விவசாயத்துக்கென்று கட்டணமில்லாமல் வரும் மின்சாரம் அது. வேறு எதற்கு எடுத்தாலும் சட்டப்படி தவறு.

படி 3: வழியில் பில்டர் பாயிண்ட்

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு ராத்திரி. கடற்கரைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது, வழியில் இருந்த வேகச் சார்ஜரை நம்பி வந்தோம். ஆப்பில் பச்சை காட்டியது. ஒன்பது மணிக்கு 14 சதவீதத்தோடு போய்ச் சேர்ந்தால் திரை இருட்டாக இருந்தது, ஆளும் இல்லை. பின்சீட்டில் அம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கடைசியில் பத்து கிலோமீட்டர் தள்ளி, தெரிந்தவர் ஒருவரின் அரவை மில்லில் கதவைத் தட்டினோம். அண்ணன் எழுந்து வந்து பிளக்கைக் காட்டி, அண்ணியை எழுப்பித் தோசையும் ஊற்றச் சொன்னார். இரண்டரை மணி நேரம் சார்ஜ் போட்டுக்கொண்டு வீடு வந்தோம்.

அன்றிலிருந்து ஒரு விதி: எந்த வேகச் சார்ஜரை நம்பினாலும், அது இல்லாவிட்டால் எட்டக்கூடிய தூரத்தில் ஒரு 15 ஆம்பியர் பிளக் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். போனில் பேசி உறுதி செய்திருக்க வேண்டும். (காமெட்டில் இந்த வேகச் சார்ஜ் (டிசி) கிடையாது, அதை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிளக் பட்டியல்தான் எல்லாமே.)

நல்ல பிளக் எங்கே கிடைக்கும்? ஏசி ரூம் உள்ள லாட்ஜ், கல்யாண மண்டபம், அரிசி மில், புதிதாகக் கட்டிய சொந்தக்காரர் வீடு. மூன்று விளக்கு எரியும் சாக்கெட் டெஸ்டர் ஒன்றை வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள். சொருகினால் எர்த் இருக்கிறதா என்று சொல்லிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் ஏறத் தொடங்கி அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

லாட்ஜ்காரரிடம் யூனிட் கணக்குச் சொல்லிக் காசு கொடுத்துவிடுங்கள். அத்தை வீட்டில் காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார்கள். நான் கும்பகோணத்திலிருந்து ஒரு கட்டு வெற்றிலையும் காப்பித்தூளும் எடுத்துப் போவேன்.

படி 4: சுற்று

டெல்டாவில் பயணத்துக்கு ஒரு வசதி உண்டு. மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குப் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். திறக்க நான்கு மணியாகும். பெட்ரோல் காரில் வருபவர்களுக்கு அது வீணான நேரம். நமக்கு அதுதான் சார்ஜ் நேரம்.

ஒன்பது கோயிலும் ஒரே நாளில் என்றால் 260 கிலோமீட்டரைத் தாண்டும். முதல்முறை போகிறவர்கள் அதை முயல வேண்டாம். ஞாயிறு, திங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை திருநள்ளாற்றில் காரை நிறுத்தவே இடம் கிடைக்காது.

ஞாயிறு விடியற்காலை கும்பகோணத்திலிருந்து திங்களூர், சுமார் 35 கிலோமீட்டர். அங்கிருந்து ஆலங்குடி 45. வீடு திரும்ப 17. ஆக 97. மதியச் சாப்பாடு, தூக்கம், மூன்று மணி நேரச் சார்ஜ். நாலு மணிக்குக் கிளம்பினால் திருநாகேஸ்வரம் 6 கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்கு என்பதால் பாலபிஷேகம் பார்க்கலாம். அப்புறம் சூரியனார்கோயில், கஞ்சனூர், வீடு. மாலைக் கணக்கு 50ஐத் தாண்டாது. வந்ததும் பிளக்கில் போட்டுவிடுங்கள்.

திங்களன்று ஐந்தரைக்குக் கிளம்புங்கள். மயிலாடுதுறை வழியாக வைத்தீஸ்வரன்கோயில் 50, திருவெண்காடு 15, பூம்புகார் பக்கம் கீழப்பெரும்பள்ளம் 10. அங்கிருந்து தரங்கம்பாடி வழியாகக் காரைக்காலுக்கு 30 சொச்சம். மதியம் அங்கே சேரும்போது 105 ஓடியிருக்கும். பேட்டரியில் பத்து, பதினோரு யூனிட் இருக்கும். திருநள்ளாறு 5, வீட்டுக்கு 50. சார்ஜ் போடாமலே வந்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் மொத்தம் 160, என் 150ஐத் தாண்டிவிட்டது. அதனால் காரைக்காலில் முன்பே பேசி வைத்த லாட்ஜில் மூன்று மணி நேரம் சொருகிவிடுவேன். ஏழரை யூனிட், 60 கிலோமீட்டர். அந்த நேரத்தில் மீன் சாப்பாடு கூடாது என்பார் அம்மா, சனி பகவானைப் பார்க்கப் போகிறோமே என்று. தயிர் சாதத்தோடு படுத்துவிடுவோம்.

படி 5: மழையும் வைக்கோலும்

ஐப்பசி, கார்த்திகையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும். பேட்டரிப் பெட்டி ஐபி67 தரம், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அது அசையாத நீரில் செய்த சோதனை. சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தால் திரும்பிவிடுங்கள், வாய்க்கால் எது ரோடு எது என்று தெரியாது. சார்ஜ் போடும்போது கார் நனையலாம். சுவர்ப் பிளக்கும் சார்ஜர் பெட்டியும் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும்.

தை மாதம் சம்பா அறுவடையில் ரோட்டில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். அடியில் சுற்றிக்கொண்டால் நிறுத்தி எடுத்துவிட்டுப் போங்கள்.

படி 6: பத்து சதவீதத்துக்கு வந்துவிட்டால்

பயப்படாமல் ஏசியை நிறுத்துங்கள், 35, 40க்கு இறங்குங்கள், பக்கத்துப் பிளக்குக்கு விடுங்கள். மேலும் குறைந்தால் கார் தானே வேகத்தைக் கட்டிவிடும். நின்றே போய்விட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். முன்சக்கரம் தரையில் உருண்டால் மோட்டாரும் சுழலும். மோட்டாரும் அதன் மின்பகுதிகளும் கெட்டுப்போகும். முழு வண்டியையும் மேலே ஏற்றிப்போகும் லாரிதான் வேண்டும். அந்த நம்பர் இன்சூரன்ஸ் தாளில் இருக்கும், கிளம்புமுன் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

வீடு வந்ததும் ஒரு நோட்டில் தேதி, ஓடிய தூரம், மிச்ச சதவீதம், எந்தப் பிளக்கில் எவ்வளவு ஏறியது என்று எழுதிவையுங்கள். என் நோட்டில் இப்போது திருவையாறு முதல் வேளாங்கண்ணி வரை பதினேழு பிளக்குகள் இருக்கின்றன. முதல் வரியில் அந்த அரவை மில்.